முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கங்களுக்கு ஒரு மதிப்பீடு

மார்ச் 3, செவ்வாய்

நாவலை இன்று கூரியரில் அனுப்பிவிட்டேன். முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒன்பது வருட உழைப்பு. கதாநாயகன் ஒரு லிஃப்ட் பரிசோதகன். நானும் லிஃப்ட் பரிசோதகன்தான். மற்றபடி எல்லாம் கற்பனை. படித்து மதிப்பிடப் போகிறவர், பதிப்பகத்தில் எடிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். ஐந்து வாரம் ஆகுமாம். ஒரு லிஃப்ட் தேறுமா தேறாதா என்று சொல்ல எனக்கு நாற்பது நிமிடம் போதும்.

மார்ச் 4

கூரியர் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன். போய்க்கொண்டிருக்கிறதாம்.

மார்ச் 19

ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டைத் தேறாது என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் முகம் சுண்டிப்போனது. "பதினஞ்சு வருஷமா ஓடுது சார்" என்றார். வழக்கமாக இதற்கெல்லாம் நான் அசைவதில்லை. இன்று அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

மதிப்பீடு வந்துவிட்டது. நாலு பக்கம். முதல் மூன்றில் எனக்கு விழுந்தது செமத்தியான அடி. "ஒவ்வொரு அத்தியாயமும் ஓர் ஆய்வறிக்கை" என்கிறார். நாலாவது பக்கம் முழுக்கப் பதினோராம் அத்தியாயம். லிஃப்டில் மாட்டிக்கொண்ட பெண், வெளியே ஆட்கள் கதவைத் தட்டும்போது, இன்னும் பத்து நிமிடம் உள்ளேயே இருந்தால் தேவலை என்று நினைக்கிறாளே, அந்த இடம். "இதை எழுதிய கை வேறு. இந்தக் கைதான் முழு நாவலையும் எழுத வேண்டும்."

என் பதினோராம் அத்தியாயத்தில் அந்தப் பெண் அவசர மணியை அழுத்துகிறாள். விதி அதுதான். நான் எங்கே இப்படி எழுதினேன்?

ஏப்ரல் 10

கையெழுத்துப் பிரதியைப் பார்த்தேன். மணியைத்தான் அழுத்துகிறாள்.

டைப் அடித்தவள் என் மனைவி. மருந்துக்கடையில் சீட்டுப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவள். என் கோழிக்கிறுக்கலைப் படிக்க அவளை விட்டால் ஆளில்லை. கேட்டேன்.

"புரியல. நானா எழுதிட்டேன்."

"மருந்துச் சீட்டு புரியலைன்னாலும் இப்படித்தான் பண்ணுவியா?"

"அங்க டாக்டருக்கு போன் போட்டுக் கேப்பேன். நீங்கதான் எழுதறப்போ கிட்டயே வராதேன்னீங்க."

"எவ்வளவு எழுதின?"

"பதினொண்ணு முழுசும். அப்புறம் அங்கங்க."

அங்கங்க!

"மாட்டிக்கிட்டவளுக்கு உள்ளயே இருக்கணும்னு எதுக்குத் தோணும்?"

"காலைலேர்ந்து நாலு பேர் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா உங்களுக்கும் தோணும்."

ஏப்ரல் 12

பொறாமை. வேறென்ன சொல்ல? ஒன்பது வருடம் நான் முட்டி மோதியதை, அவள் சனிக்கிழமை மதியங்களில் போகிற போக்கில் செய்திருக்கிறாள். அவளோடு பேசவில்லை.

ஏப்ரல் 13

இன்றும் பேசவில்லை. அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

சாப்பிடும்போது வாய் தவறிக் கேட்டுவிட்டேன், கதவு திறந்த பிறகு அந்தப் பெண் எங்கே போகிறாள் என்று.

"வீட்டுக்குப் போகல" என்றாள். அப்புறம் தட்டில் கை காயும் வரை சொன்னாள். நானும் எழுந்திருக்கவில்லை. கதை அத்தனையும் அவளிடம் இருக்கிறது. என் கதாநாயகன் அதில் ஒரே ஒரு தடவை வருகிறான். கதவைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறான்.

"அவ்வளவுதானா அவன்?"

"பாவம், நல்ல மனுஷன்தான்" என்றாள்.

மே 2

தடித்த நோட்டு ஒன்று வாங்கி அவள் பக்கம் வைத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. பேனா எங்கே என்று கேட்டாள்.

செப்டம்பர் 14, திங்கள்

அவள் நாவலுக்கு எடிட்டர் அம்மாளிடமிருந்து மதிப்பீடு. கவரில் அவள் பெயர். அவள் வேலைக்குப் போய்விட்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. காலையில் பார்க்க வேண்டிய லிஃப்டை நாளைக்குத் தள்ளிவிட்டுக் கவரோடு மருந்துக்கடைக்கு ஓடினேன். கவுன்டரில் எட்டுப் பேர் வரிசை. ஒன்பதாவது ஆளாக நின்றேன்.