ராபியாவின் பெயரைச் சொல்லி

நவம்பர் 12, புதன்
பனியும் மழையும் கலந்து. எங்கள் மல்வேர்ன் பக்கம் வரும் பஸ் பிந்தியது.
தங்கை நஸ்ரின் வேலை முடிந்து நேரே சபீனா அன்ரி வீட்டு மார்க்க வகுப்புக்கு. பெண்கள் மட்டும். பாடம்: பஸ்ரா நகரத்து ராபியா. ஆரம்ப கால சூஃபி. அடிமையாக இருந்து விடுதலையானவர், கடைசிவரை கலியாணம் கட்டாதவர். எனக்கு அங்கேதான் உதைக்கிறது. ஞாயிறு பக்கத்து ஊர் பிக்கரிங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், நஸ்ரினின் கலியாணத்துக்கு நாள் குறிக்க. நான் பேசிய சம்பந்தம்.
அந்த அன்ரி யார் எது கொடுத்தாலும் வாங்கமாட்டாராம். ஒன்றும் வாங்காத ஆளை எப்படி நம்புவது?

நவம்பர் 13, வியாழன்
பால், முட்டை, உம்மாவின் மருந்து.
நஸ்ரின் குசினி அடுப்படியில் போனோடு குசுகுசு. என்னைக் கண்டதும் வைத்துவிட்டாள்.
"ஆரு?"
"ஒருத்தருமில்ல ராத்தா."
வகுப்பில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். ராபியா ஒரு கையில் நெருப்பும் மறு கையில் தண்ணீருமாக ஓடினாராம். சொர்க்கத்தைக் கொளுத்த, நரகத்தை அணைக்க. ஆசைக்காகவும் பயத்துக்காகவும் அல்லாஹ்வை வணங்கக் கூடாதாம், அன்புக்காக மட்டும்தானாம்.
நல்ல பேச்சு. இப்படிப் பேசித்தான் பிள்ளைகளின் மனதை மாற்றுகிறார்கள்.

நவம்பர் 14, வெள்ளி
அரை நாள் லீவு. நேரே சபீனா அன்ரி வீடு. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.
"எண்ட தங்கச்சிய கலியாணம் கட்ட வேணாமெண்டு சொன்னது நீங்களா?"
கோபிக்கவில்லை. "அவதான் வந்து சொன்னா, ராபியா மாதிரி நானும் கட்டமாட்டனெண்டு. நான் சொன்னன், ராபியா அல்லாஹ்ட அன்பில கட்டாம இருந்தவ, நீங்க பயத்தில சொல்றீங்க. ராபியாட பேருக்குப் பின்னால ஒளியாம, பயத்த ராத்தாட்ட சொல்லுங்க எண்டன்."
"என்ன பயம்?"
"அத அவ வாயால கேளுங்க."
நம்பவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். நஸ்ரின் போனை நீட்டினாள். மாப்பிள்ளையின் செய்திகள். நேற்றுக் குசுகுசுத்ததும் அவனோடுதானாம். எங்கே நிற்கிறாய், பக்கத்தில் யார், போட்டோ அனுப்பு. லொக்கேஷனை ஏன் நிற்பாட்டினாய்? கலியாணத்துக்குப் பிறகு வேலை, வகுப்பு எல்லாம் முடிந்தது.
"அக்கறைதானே எண்டு சொல்லுவீங்க. அதான் சொல்லல்ல."
அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது, அவன்தான். நஸ்ரின் அவசரமாக எடுக்கப் போனாள். நான் வாங்கி நிற்பாட்டினேன்.

நவம்பர் 15, சனி
வெயில், ஆனால் குளிர். உம்மா விடியவே தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு வட்டிலப்பம் அவித்து வைத்திருந்தார், நாளைக்கென்று. விஷயத்தைச் சொன்னதும் அழுதார்.
பிக்கரிங்குக்கு நானே போன் எடுத்தேன். வர வேண்டாம் என்றேன். மாப்பிள்ளையின் உம்மா:
"அந்த வகுப்புக்காரி ஓதிக் குடுத்ததுதானே இது?"
"இல்ல மாமி. எண்ட தங்கச்சிக்கு விருப்பமில்ல. எனக்கும் இல்ல."
வைத்துவிட்டேன். நஸ்ரின் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குசினிக்குப் போய் வட்டிலப்பத்தில் பெரிய துண்டாக வெட்டி, இரண்டு கரண்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.