உள்ளங்கை வரை

ப்ளஃப்,
மே 22, 1994

அன்புள்ள நைரி,

நீ டனீடினுக்குக் குடிபோன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீயும்தான் எழுதவில்லை, போகட்டும். சிப்பி திறக்கும்போது கத்தி வழுக்கி இடது மணிக்கட்டில் இறங்கிவிட்டது. நரம்பைத் தைத்திருக்கிறார்கள். ஆனாலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரக்கட்டைதான். உணர்ச்சி இல்லாத கையால் சிப்பியைப் பிடிக்க முடியாது. உணர்ச்சி திரும்புமா?

சிப்பிக் கொட்டகையில் கூட வேலை செய்யும் ரெக்ஸ் சொல்கிறான்: "பொண்டாட்டிக்கு நரம்பு ஆராய்ச்சி, புருசனுக்குக் கையில உணர்ச்சி இல்ல. நல்லா இருக்குடா உங்க குடித்தனம்."

டானே

டனீடின்,
ஜூன் 3

அன்புள்ள டானே,

கையுறையைக் கழற்றியிருப்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு.

வெட்டுக்குக் கீழே உள்ள நரம்பிழை வெட்டால் மட்டும் சாவதில்லை. காயத்தின் வழியே சுண்ணாம்புச்சத்து புகுந்ததும், உள்ளே சும்மா கிடந்த நொதி விழித்துக்கொண்டு சொந்த வீட்டுப் புரதத்தையே நறுக்கிப் போடும். அதைத் தடுக்கத்தான் இங்கே படாதபாடு படுகிறேன். உன் கையில் அது வேலையை முடித்திருக்கும். இடிந்ததெல்லாம் அப்புறப்பட்ட பிறகு, இழையைச் சுற்றியிருந்த அதே பழைய குழாய் வழியாகப் புது இழை வரும். மாதத்துக்கு ஓர் அங்குலம் வந்தால் அதிகம்.

ஞாயிறுதோறும் தழும்பிலிருந்து கீழே தட்டிக்கொண்டே போ. எங்கே சுரீர் என்கிறதோ, அதுவரை புது இழை வந்துவிட்டது. எனக்கு எழுது. விரல் நுனி விழித்ததும் வந்து பார்க்கிறேன்.

நைரி

ப்ளஃப்,
ஆகஸ்ட் 14

அன்புள்ள நைரி,

உள்ளங்கையில் பாதி தூரம் வந்திருக்கிறது. பேனாவால் புள்ளி வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. உன் தலையணை இடைஞ்சலாகத்தான் இருக்கிறது. எடுத்து வைக்க மனம் வரவில்லை.

டானே

ப்ளஃப்,
ஆகஸ்ட் 28

நைரி,

நுனிக்கு வந்துவிட்டது. சுண்டுவிரல் நுனியில் நன்றாகத் தெரிகிறது. எப்போது வருகிறாய்?

டானே

டனீடின்,
செப்டம்பர் 2

என் டானே,

உள்ளங்கையிலிருந்து விரல் நுனிக்கு இரண்டே வாரமா? உலகத்தில் எந்த நரம்பும் அப்படி ஓடியதில்லை. அரை அங்குலம் நகர்ந்திருந்தால் பெரிது. உனக்குப் பொய் சொல்லவே வராது, இப்போதும் வரவில்லை.

அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, விடுப்பு கேட்கப் போனேன். "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார் எங்கள் துறைத் தலைவர். "எனக்குத்தான்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நீ கண்ணை மூடிக்கொள், நானே தட்டிப் பார்க்கிறேன். நரம்பு எதுவரை வந்திருந்தாலும் சரி.

தலையணையை எடுத்து வைத்துவிடாதே.

உன் நைரி