வலப்பக்கம் துடிக்கிறது

கரமனை,
வியாழக்கிழமை

அன்பு மீராவுக்கு அம்மா மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே அப்பாவும் தம்பி கேசவும் சௌக்கியம். நானும் உட்கார்ந்து எழுதும் அளவுக்குத் தேறிவிட்டேன். மான்செஸ்டர் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே டாக்டராகி என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் காகிதம். சர்ஜரி படிப்பை விடப் போவதாகத் தம்பியிடம் சொன்னாயாம். திரையைப் பார்த்துக் கருவியை நகர்த்தும்போது உன் கை எதிர்ப்பக்கம் போகிறதாம், கட்டை உருவங்களை மனசுக்குள் திருப்பிப் பார்க்கும் பரீட்சையில் நீதான் கடைசியாம், அது பிறவியிலேயே இருக்க வேண்டிய திறமை என்று அங்கே ஒருவர் சொல்லிவிட்டாராம். பதில் சொல்ல எனக்கு அந்தப் படிப்பில்லை. எனக்கு நடந்ததை எழுதுகிறேன், பயப்படாமல் படி.

போன மாதம் வெறும் வயிற்றுவலி என்றுதானே உன்னிடம் சொன்னோம். வலி இடப்பக்கம், விலாவுக்குக் கீழே. வாயு என்று நான் மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்தேன், ஹார்ட் என்று அப்பா பயந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பெண் கொஞ்ச நேரம் பார்த்தாள், கருவியைத் துடைத்து மறுபடி பார்த்தாள், எழுந்து போய் இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள். பிறகு முதலில் பார்த்தவள் என் முகத்தருகே குனிந்து, அம்மையோட வலது கை ஏதாக்கும், ஒண்ணு தூக்கிக் காட்டுங்கோ என்றாள். தூக்கினேன். என் கையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். எனக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று சோதிக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

டாக்டர் கல்யாணராமன் நம் வலியசாலைக்காரர்தான். அவர்தான் வந்து சொன்னார். மாமி, பித்தப்பையில கல்லு, அது பெரிய காரியமில்லை, ஆனா உங்களுக்கு உள்ளே எல்லாமே இடம் மாறி இருக்கு, ஹார்ட் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம், கண்ணாடில தெரியற ஆள் மாதிரி, பிறவியாக்கும், வியாதி இல்லை என்றார். இத்தனை வருஷமாய் யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். மார்பில் குழாய் வைத்தவர்களெல்லாம் சத்தம் தூரத்தில் கேட்கிறது, தடித்த தேகம் என்று சொல்லிவிட்டுப் போனார்களே தவிர வேறென்ன. பிறகு அவர் சிரிக்காமல் ஒன்று சொன்னார். இருபது வருஷமா இதே ஆபரேஷன் பண்றேன், நாளைக்கு நான் முதல் வருஷப் பையனாக்கும்.

ஆபரேஷனில் வயிற்றுக்குள் விடும் கேமராவை அவருக்குப் பிடிக்க வந்த பயிற்சி டாக்டர் ஆர்ஷா, பாறசாலைப் பக்கத்துப் பெண், உன் வயதிருக்கும். சாயங்காலம் வார்டுக்கு வெளியே பார்த்தேன். கைகழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் நின்று, வெறும் காற்றில் இரண்டு கைகளையும் மெள்ள மெள்ள நகர்த்திக்கொண்டிருந்தாள், ஏதோ கண்ணுக்குத் தெரியாததை அவிழ்ப்பது போல. அவளும் உன்னைப் போல அந்தக் கட்டைப் பரீட்சையில் தோற்றவள்தானாம், மனசுல படம் திரும்பாதம்மா, அதான் உள்ளே பாக்கறதை ஒவ்வொண்ணா பேரு சொல்லிச் சொல்லித்தான் நான் போவேன், எல்லாரும் கேலி பண்ணுவா என்றாள்.

மறுநாள் உள்ளே நடந்தது டாக்டரே என் கட்டிலருகில் உட்கார்ந்து சொன்னது. பழகின கை பழகின பக்கம் போய்விட்டது. பித்தப்பையின் குழாய் என்று நினைத்து அவர் வெட்டப் போனது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் பக்கத்துப் பெரிய குழாயை. ஆர்ஷா வழக்கம்போல ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லி முணுமுணுத்துக்கொண்டே வந்தவள், சார், ஒரு நிமிஷம், அது பையிலேருந்து வரல்லை என்றாளாம். அவர் நிறுத்திப் பார்த்தார். வெட்டியிருந்தால் என் பாடு என்னவாகியிருக்கும் என்று உனக்குத் தெரியும். உன்னைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். மனசுல படம் சட்டுனு திரும்பறவா முதல்ல முன்னாடி ஓடுவா, அது நிஜம், பழகப் பழக மத்தவாளும் வந்து சேர்ந்துடுவா என்றார். ஆர்ஷாவுக்குத் தையல் போட இன்னும் நேரமாகிறது என்றும் சொன்னார், அதை மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு ஒரு மாதிரி. சமையலறை சுவிட்சுக்குக் கை எதிர்ச் சுவருக்குப் போகிறது. ஆற்றங்கரைக்குப் போய்த் திரும்பும்போது நம் வீடு என்று எதிர்வரிசையில் யார் வீட்டு வாசலிலோ நின்று சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அந்த அம்மாள் யாரது என்று கேட்டபோது என் பெயர் சட்டென்று வாயில் வரவில்லை. போகப் போகச் சரியாகும் என்கிறார் டாக்டர். மத்தியானம் தனியாகப் படுத்து வலப்பக்கம் கை வைத்தேன், மீரா. அங்கே துடிக்கிறது. அறுபது வருஷமாய் அடுத்த அறையில் யாரோ இருந்தும் நான் ஒரு நாளும் கதவைத் திறந்து பார்க்காதது போல இருந்தது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. கைக்குழந்தையில் நீ என் வலது தோளில்தான் தூங்குவாய். அப்பா தூக்கினால் அவருடைய வலது மார்பில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பாய், பிறகு வீறிட்டு அழுவாய். ஏன் என்று எங்களுக்குப் புரிந்ததே இல்லை. அங்கே உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

தீர்க்காயுசாய், கை நிறைய வேலையோடு இரு. விலகல் கடிதத்தை என்னோடு பேசாமல் கொடுக்காதே. சனிக்கிழமை போன் பண்ணு, கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா சூடாமணி