கல்யாண மண்டபத்தில் சவப்பெட்டி

12 ஆகஸ்ட் 1999, வியாழன்

கோபம் இன்னும் அடங்கவில்லை. எங்கள் பங்சார் அலுவலகம் செய்யும் இணையப் பக்கங்களின் தலையில் வரும் டேப் வரிசையை, அதாவது அழுத்தினால் வேறு பக்கம் திறக்கும் தலைப்புகளை, ஒரே கோப்பாக எழுதியவள் நான். புது வாடிக்கையாளர் வந்தால் அதை நகல் எடுத்து, டேப்களின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். உடன் வேலை செய்யும் குணாவிடம் இதை மூன்று தடவை சொல்லியிருந்தேன். அவன் நகல் எடுக்காமல், கிள்ளான் கல்யாண மண்டபத்தின் கோப்பிலேயே செந்தூல் ஈமச்சடங்குக் கடையின் டேப்களை அடித்துவிட்டான்.

காலையில் மண்டபக்காரர் போனில் கத்தினார்.

"என்னம்மா இது? பந்தி, மேளம்னு இருந்த இடத்துல சவப்பெட்டி, மலர்வளையம்னு இருக்கு! பொண்ணு வீட்டுக்காரங்க வேற மண்டபம் பாக்கப் போறாங்களாம்!"

மதியம் வரை பெண், மாப்பிள்ளை இரண்டு வீட்டாரிடமும் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். குணா அந்த ஒரு கோப்பைத் திருத்தினான். மண்டபத்தின் இருபது பக்கங்களும் அதிலிருந்தே டேப்களை எடுப்பதால் உடனே சரியாகிவிட்டன.

மாலையில் முதலாளி எல்லார் முன்னாலும் அவன் தோளைத் தட்டினார்.

"ஒரே நிமிஷத்துல முடிச்சிட்டான் லா! நீயும் இவன்கிட்ட கத்துக்கம்மா."

"சின்ன வேலைதான், பாஸ்" என்றான் குணா.

அந்த ஒரு நிமிடத்துக்காக நான் இரண்டு மாதம் உழைத்திருக்கிறேன்.