வீணா இறங்கிய இடத்தின் தண்ணீர்

அனுப்புநர்:
வே. பச்சைமுத்து,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
சிவாஜிநகர், பெங்களூரு.

பெறுநர்:
ஒருங்கிணைப்பாளர் அவர்கள்,
எல்லையோர ஓடைகள் நீர்த்தர ஆய்வுக் குழு,
ஒசூர்.

பொருள்: ஹொசகெரே ஓடையின் ஏழாம் மாதிரி இடத்தை ஆய்வில் மீண்டும் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் குழுவில் தற்காலிகக் களப்பணியாளராக இருந்த வீணா என் ஒரே மகள். வேதியியல் படித்தவள். ஆனேக்கல் முதல் தமிழ்நாட்டு எல்லை வரையுள்ள ஓடைகளில் தண்ணீர் மாதிரி எடுப்பது அவள் வேலை.

2. சென்ற அக்டோபரில், மழை விட்ட மறுநாள் காலை, அத்திபெலேக்கு அப்பால் சிறுபாலத்தை ஒட்டியுள்ள ஏழாம் இடத்துக்கு, உடன் பணியாற்றிய ஓஸ்வால்டுடன் போனாள். ஓடை முழுவதும் இடுப்பளவு நுரை. நுரைக்கு அடியில் தரை இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்திருக்கிறாள். சத்தமே கேட்கவில்லை என்கிறார் ஓஸ்வால்ட். அவர் திரும்பிப் பார்த்தபோது நுரை மூடிக்கொண்டிருந்தது. அவள் விழுந்த தடம்கூட அதில் இல்லை. அவரும் இறங்கித் தேடியிருக்கிறார். மறுநாள் தடுப்பணையில்தான் என் மகள் கிடைத்தாள்.

3. தங்கள் அலுவலகத்தார் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தார்கள். அதற்கு நன்றி. ஆனால் கடந்த மாதம் வெளியான ஆய்வறிக்கையில் ஏழாம் இடம் இல்லை. மற்ற இடங்களை மட்டும் வைத்து, ஓடையின் தரம் முன்னேறியுள்ளதாக எழுதப்பட்டுள்ளது. நேரில் வந்து கேட்டபோது, அங்கிருந்த அலுவலர் ஒருவர், "அந்த ஸ்பாட்டையே எடுத்துட்டோம் பெரியவரே, இனிமே யாருக்கும் ஆபத்து இல்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நுரை அங்கேயேதான் இருக்கிறது ஐயா. போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். காற்றடித்தால் சாலைக்கு வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் அதை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் வீசி விளையாடுகிறார்கள்.

4. சொந்த விஷயத்தை எழுதுவதற்கு மன்னிக்கவும். என் மனைவி தனக்கோடி துணி ஊறவைக்கும்போது வாளியில் நுரை எழுந்தால், கையை விட்டு அடிவரை துழாவுகிறாள். துணிகளையெல்லாம் எடுத்த பிறகும் துழாவுகிறாள். நான் தண்ணீர் ஊற்றி நுரையைக் கலைத்த பிறகுதான் எழுந்திருக்கிறாள். எனக்கும் உறக்கத்தில் வெள்ளையாக ஒன்று வருகிறது. அதை எழுத இது இடமில்லை.

5. இழப்பீடு கேட்டு இம்மனுவை எழுதவில்லை. ஏழாம் இடத்தில் கரையோரம் வேலி போட்டு, யாரும் கீழே இறங்காமல் பாலத்தின் மேலிருந்தே மாதிரி எடுக்கும் ஏற்பாட்டுடன் ஆய்வைத் தொடருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வின் முடிவைச் சுற்றுவட்டார ஊர்க்காரர்களுக்கும் எனக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் என் மகள் அங்கே போனாள். அது இன்னும் யாருக்கும் தெரியாது.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
வே. பச்சைமுத்து

இடம்: பெங்களூரு
நாள்: 17.02.2025