ஸ்பீக்கர் சத்தம் குறைவு

மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? பிரிந்து போனவள் இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறாளே என்று பதற வேண்டாம், விஷயம் ஒரு போன்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, இரட்டை ஷிப்ட் அசதியில் பழைய போனை ஏப்ரன் பையிலேயே மறந்து, போர்வைகளோடு எந்திரத்தில் போட்டுவிட்டேன். போர்வையைவிடச் சுத்தமாக வெளியே வந்தது, உயிர்தான் இல்லை.

நடுத்தர விலையில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். விளம்பரத்தைக் கத்தரித்து உள்ளே வைத்திருக்கிறேன். இங்கே கடைக்காரர் "கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க மேடம்" என்கிறார். கண்ணை மூடிக்கொண்டு நான் ஒருமுறை வாங்கியதே போதும். போன் விற்கிற உங்களுக்கு நல்லதைச் சொல்லக் கற்றுத்தர வேண்டியதில்லை. குறையையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிடுமூஞ்சி (நீங்கள் வைத்த பெயர்தான்)

மார்ச் 9

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

கடை முகவரிக்கு உன் கவர் வந்ததும் முதலாளி வக்கீல் நோட்டீஸ் என்று பயந்துவிட்டார். நானும்தான். எந்திரத்தில் போட்ட கதையைப் படித்துச் சிரித்தேன். சிரித்து நாளாயிற்று.

அந்தப் போனைத்தான் நானும் வைத்திருக்கிறேன். பேட்டரி உன் இரட்டை ஷிப்டையும் தாங்கும். திரை வெயிலிலும் பளிச்சென்று தெரியும். கைதவறிப் போட்டாலும் சட்டென்று உடையாது. ஆனால் மூன்று கேமராவில் ஒன்றுதான் கேமரா, மற்ற இரண்டும் ஒப்புக்குச் சப்பாணி. வெளிச்சம் குறைந்தால் ஆள் யாரென்றே தெரியாது. தண்ணீர் தெறித்தால் பிழைக்கும், முங்கினால் பிழைக்காது. ஏப்ரன் பையை ஞாபகம் வை! இரண்டு வருஷத்துக்குப் பிறகு அப்டேட் வராது. போன் ஓடும், கண்டுகொள்ளத்தான் ஆள் இருக்காது. பெரிய குறை, ஸ்பீக்கர் சத்தம் குறைவு. உன் எந்திரங்களுக்குப் பக்கத்தில் மணி அடித்தால் கேட்கவே கேட்காது.

வாங்கியதும் நம்பர் தருவாயா? உன் குரலை ஒரு தடவை கேட்டால் போதும்.

இன்னமும் உன்,
சேல்ஸ்மேன்

மார்ச் 20

அன்புள்ள உங்களுக்கு,

போன் வாங்கிவிட்டேன். நீங்கள் சொன்னதில் ஒன்றுகூடப் பிசகில்லை. மணி கேட்காதது மட்டும் எனக்குக் குறையே இல்லை. கூப்பிட யார் இருக்கிறார்கள்? சாப்பாட்டு வேளையில் எல்லாரும் போனும் கையுமாக இருக்கிறார்கள். நானும் எடுத்து, மணி பார்த்துவிட்டு வைக்கிறேன்.

ஒரு போனின் குறையை இவ்வளவு நேர்மையாகச் சொல்லத் தெரிந்தவர், குழந்தை இல்லாததற்குக் காரணம் உங்கள் உடம்புதான் என்று டாக்டர் சொன்னதை ஏன் மறைத்தீர்கள்? "ரெண்டு பேருக்கும் எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாரும்மா" என்றீர்கள். நான் மாத்திரை மாத்திரையாக விழுங்கினேன். உங்கள் அம்மா என்னைப் பேசிய பேச்சையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். குழந்தை இல்லையே என்று நான் போகவில்லை, நீங்கள் மறைத்தது தெரிந்த பிறகுதான் போனேன். அந்தக் குறையோடும் உங்களை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. சொல்லியிருந்தால் இன்றும் நம் வீட்டில்தான் இருந்திருப்பேன்.

நம்பர் தர மாட்டேன். நீங்கள் எழுதினால் எடைபோட்டுப் பார்க்க முடிகிறது. குரலைக் கேட்டால் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிடுமூஞ்சி

ஏப்ரல் 2

அன்புள்ள உனக்கு,

பதில் எழுத உட்கார்ந்து பலமுறை கிழித்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் விற்கிறவன் பேச்சாகவே வந்து தொலைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். "அந்தப் புள்ளைய என்னென்ன பேசிட்டேன்டா... நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?" என்றாள். சாப்பாடு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இதைச் சொல்லி உன்னைக் கூப்பிடுவதாக நினைக்காதே. உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இனி நம்பர் கேட்க மாட்டேன். என் நம்பர் பழைய நம்பர்தான், மாற்றவில்லை.

ஸ்பீக்கரைப் பற்றி நான் எழுதியதில் ஒரு திருத்தம். அதைக் கடைச் சத்தத்தில் வைத்துச் சொல்லிவிட்டேன். நேற்று வீட்டில் கூடத்தில் போனை வைத்து, அலாரம் போட்டுவிட்டு, சமையலறையில் போய் நின்று பார்த்தேன். இந்த வீட்டில் நன்றாகவே கேட்கிறது.

சேல்ஸ்மேன்