யார் தேய்ச்சது?

அண்ணா,

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெட்டை காலைச் சுளுக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். கையில் முறிவெண்ணெய்ப் போத்தல். "மாமி, கொஞ்சம் உருவிவிடுங்கோ" என்றாள். மூடியைத் திறந்ததுதான் தாமதம், அந்த வாசனை என்னை நாங்கள் இருவரும் இருந்த லிங்கநகர் வாடகை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது. "எனக்கு ஏலாது, பிள்ளை" என்று போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

காயம் பட்டால் இரத்தம் நிற்காத உடம்பு உங்களுக்கு. மூதூருக்குக் கடல்வழி போகும் லோஞ்சுக்கு டிக்கெட் கொடுப்பது கதிரையை விட்டு எழும்பத் தேவையில்லாத வேலை என்று ஊரிலிருந்த அம்மாவுக்கு நிம்மதி. அந்தக் கதிரையில் இருந்தபடியே வலது தொடை வீங்கத் தொடங்கியது. காயமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வாயுதான் என்று நானே முடிவுகட்டினேன். நாட்டு வைத்தியம் பார்க்கும் சாம்பல்தீவுப் பரியாரியாரிடம் இதே எண்ணெயை வாங்கி வந்ததும் நான்தான். என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா? மூன்று மாதம், பின்னேரம் தவறாமல் அழுத்தித் தேய்த்தேன். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, "சுகமாக்கிடக்கு, பிள்ளை" என்பீர்கள். பொய்க்காரன்!

ஒருநாள் இறங்குதுறையில் கதிரையை விட்டு எழும்பினீர்கள். அவ்வளவுதான், தொடை எலும்பு முறிந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். "எலும்புக்குள்ள இரத்தம் கசிஞ்சு கசிஞ்சு கட்டியாப் போச்சுது. எலும்பையே அரிச்சுப்போட்டுது. இப்பிடி ஒண்டை நான் புத்தகத்திலதான் பார்த்திருக்கிறன். கத்தி வைக்க ஏலாது." பிறகு தொடையில் கிடந்த எண்ணெய்ப் பசையை விரலால் தொட்டுப் பார்த்தார். "தேய்க்கத் தேய்க்க இன்னும் கசியும். யார் தேய்ச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "நான்தான் டொக்டர். சும்மா இருக்கேலாமல் தேய்ச்சனான்."

முந்தின நாள் தேய்த்த எண்ணெய் வாசனை என் கையில் அப்படியே இருந்தது. கைகளைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டேன். உள்ளே இரத்தம் நிற்கவே இல்லை. நான்காம் நாள், உயிர் போவதற்கு முன், "அம்மாட்டயும் நான்தான் எண்டு சொல்லு" என்றீர்கள்.

சொன்னேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண்மூடும்வரை அம்மா அழுதழுது உங்களைத்தான் ஏசினா. "சொல்வழி கேளாதவன், தன்ரை காலைத் தானே கெடுத்துப்போட்டான்." பக்கத்தில் இருந்து நானும் ஓம் என்றேன்.

இப்போது அம்மாவும் இல்லை. டொக்டர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. சொல்வதற்கு மிஞ்சியிருப்பது உண்மை தெரிந்த நீங்கள் ஒருவர்தான்.

நான்தான் தேய்ச்சனான், அண்ணா.